குருத்தணுச் சிகிச்சையும் இரத்தக் குறைவால் சேதமுறும் மூளையும்

கோலார் தங்க வயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் தொடங்கிய இவ்வயலின் வேலை, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதி நிறுத்தப்படுவதற்கு முன், பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் மனிதன் தாங்கக்கூடிய எல்லையைக் கடந்தது. எனவே குளிரூட்டிய காற்று மேலிருந்து இடைவிடாது உள்ளே செலுத்தப்பட்டது. அங்கு வேலை செய்த தொழிலாளரின் உயிர் அக்காற்றையே நம்பியிருந்தது. காற்றோட்டம் தடைப்பட்டால் கடைக்கோடியில் வேலை செய்பவரே முதலில் துன்புறுவார் என்பதைச் சுரங்கத்தில் இறங்கியவர் யாவரும் அறிவர்.

மனித மூளையின் நிலையும் இதனை ஒத்ததே. மேலிருந்து வரும் காற்றைச் சுரங்கத் தொழிலாளி நம்பியிருந்ததுபோல, இதயம் அனுப்பும் இரத்தத்தை மூளையின் ஒவ்வோர் உயிரணுவும் நம்பியிருக்கிறது. அது தடைப்படும்போது பக்கவாதம் உண்டாகிறது.

சுரங்கம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அங்கு உழைத்தவர்கள் இன்று முதியோராயினர். பக்கவாதம் வயதுடன் பெருகும் நோயாதலால், இத்தகைய ஊர்களில் அதன் நிழல் விழாத தெருவைக் காண்பது அரிது. நோயாளியின் குடும்பத்தார் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் 'ஸ்டெம் செல்' சிகிச்சை பற்றிய விளம்பரங்களைக் காண்கின்றனர். பல இலட்சம் ரூபாய் செலவாகும் அச்சிகிச்சைக்காக வீட்டையோ நகையையோ அடகு வைக்க எண்ணும் தருணத்தில், அவர்கள் முதலில் யோசனை கேட்பது பெரும்பாலும் தெருவுக்கு வரும் சுகாதார ஊழியரிடமோ, பிள்ளைகளின் ஆசிரியரிடமோதான். அவ்வினாவுக்கு விஞ்ஞானம் இன்று அளிக்கும் விடை யாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மூளைக்கு வேண்டிய இரத்தம்

வளர்ந்த மனிதனின் மூளை உடலின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கேயாகும். ஆயினும் உடல் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது பயன்படுத்திக்கொள்கிறது. நிமிடந்தோறும் சுமார் 750 மில்லிலிட்டர் இரத்தம் அதன் வழியே பாய்கிறது. தசைகளுக்கும் ஈரலுக்கும் ஓரளவு சேமிப்பு உண்டு. மூளைக்கோ பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் எதுவுமில்லை. ஆதலால் மூளைக்குச் செல்லும் இரத்தவோட்டம் முழுவதும் நின்றால் சுமார் 10 விநாடிகளில் நினைவு தவறுகிறது. சில நிமிடங்களில் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன.

இரத்தக் குறைவு பல வகைகளில் நேரலாம். மூளையின் இரத்தக்குழாய் ஒன்றை இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் பக்கவாதம் உண்டாகிறது. பக்கவாதங்களுள் பெரும்பான்மையானவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஏனையவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் உண்டாவன. மாரடைப்பின் விளைவாக இதயம் நின்றுபோய், பின்னர் மீட்கப்பட்டவரின் மூளை முழுவதுமே சேதமுறக்கூடும். பிரசவ வேளையில் மூச்சுத் திணறிய சிசுவுக்கும் இதே கேடு நேர்கிறது. இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழப்பதும் உண்டு. சுரங்கங்களில் தீயினாலும் வெடிமருந்தினாலும் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இவ்வாறுதான் மூளையைத் தாக்குகிறது.

கருநிழலும் புறநிழலும்

கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்னும் சொற்களை ஆசிரியர்கள் கையாள்வதுண்டு. 1981-ஆம் ஆண்டு முதல் மூளை ஆராய்ச்சியாளர்களும் புறநிழல் என்னும் கருத்தைக் கையாண்டு வருகின்றனர்.

சாதாரண நிலையில் மூளைத் திசுவின் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நிமிடத்திற்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் கிடைக்கிறது. இவ்வளவு 20-க்குக் கீழே இறங்கினால் உயிரணுக்கள் தம் வேலையை நிறுத்திவிடுகின்றன. ஆயினும் அவை உடனே இறப்பதில்லை. 10-க்குக் கீழே இறங்கினால்தான் விரைவில் மடிகின்றன. அடைப்பின் நடுப்பகுதியில் இரத்தம் மிகக் குறைவாதலால் அது கருநிழலாகிறது. அதனைச் சுற்றியுள்ள பகுதிக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்து சிறிது இரத்தம் கசிந்து வருகிறது. அங்குள்ள உயிரணுக்கள் செயலற்று, ஆனால் உயிருடன், காத்திருக்கின்றன. இதுவே புறநிழலாகும்.

சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரியும்போது, நேர் கீழே நின்றவரைக் காப்பது இயலாமற் போகலாம். ஆனால் அப்பால் வழியடைபட்டு நிற்பவரிடம் இன்னும் சிறிது காற்று உண்டு. மீட்புப் படையினர் விரைவது அவர்களுக்காகவே. பக்கவாதத்திலும் மருத்துவர் விரைவது புறநிழலில் உள்ள உயிரணுக்களுக்காகவே. பெரிய குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சையின்றி விடப்பட்டால், ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. நேரம் செல்லச் செல்லப் புறநிழல் சுருங்கிக் கருநிழல் விரிகிறது.

பிராணவாயு அற்ற நரம்பணு எவ்வாறு மடிகிறது? அணுவின் உள்ளும் புறமும் உப்புகளைச் சமநிலையில் வைத்திருக்கும் நுண்ணிய இயக்கம் சக்தியின்றி நின்றுவிடுகிறது. சோடியமும் நீரும் உட்புகுந்து அணு வீங்குகிறது. குளூட்டமேட் என்னும் பொருள் அளவுக்கு மீறி வெளிப்பட்டு அயலிலுள்ள அணுக்களையும் கெடுக்கிறது. பின்னர்ப் பல நாட்கள் வீக்கமும் அழற்சியும் தொடர்கின்றன. சில வாரங்களுக்குப்பின் மடிந்த திசு அகற்றப்பட்டு, அவ்விடத்தில் நீர் நிறைந்த வெற்றிடமே எஞ்சுகிறது. தோலில் ஏற்பட்ட காயம் புதுத்தோலால் மூடப்படுவதுபோல மூளை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. நரம்பணுக்கள் மீண்டும் பெருகும் இயல்பில்லாதன என்பதே இதன் காரணம்.

ஆயினும் நோயாளிகள் பலர் முதல் சில மாதங்களில் ஓரளவு தேறுகின்றனர். வீக்கம் வடிவதும், எஞ்சிய நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு பழைய வேலையைக் கற்றுக்கொள்வதும் இதற்குக் காரணங்கள். இத்தேற்றம் எச்சிகிச்சையும் இன்றியே ஓரளவு நிகழ்வது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னே கூறப்படும் அனைத்தும் இவ்வுண்மையைச் சார்ந்தே நிற்கிறது.

குருத்தணு என்பது யாது?

வாழை மரத்தின் நடுவே சுருண்டு நிற்கும் குருத்திலிருந்து இலையும் வருகிறது, காலம் வந்தபோது தாறும் வருகிறது. அதுபோலவே, தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும், வெவ்வேறு வகை அணுக்களாக மாறவும் வல்ல மூல அணுவைக் குருத்தணு என்பர். 'ஸ்டெம் செல்' என்று வழங்கப்படுவது இதுவே.

எலும்பு மச்சையில் இத்தகைய அணுக்கள் உண்டு என்பதை 1961-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் டில், மக்கல்லக் ஆகிய இருவரும் சோதனை வாயிலாகக் காட்டினர். இரத்தத்தின் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு யாவும் இவற்றிலிருந்தே தோன்றுகின்றன. இரத்தப் புற்றுநோய் முதலியவற்றுக்கு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்யும் முறையை வகுத்த டொன்னல் தாமஸ் 1990-ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டு முதல் இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. இரத்த நோய்களுக்கான இச்சிகிச்சை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதாகும்.

1998-இல் மனிதக் கருவின் குருத்தணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கைகூடியது. 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா, எலியின் சாதாரணத் தோலணுவையே குருத்தணுவின் நிலைக்குத் திருப்ப இயலும் என்று காட்டினார். மறு ஆண்டில் மனித அணுக்களிலும் இது நிறைவேறிற்று. இதற்காக அவருக்கு 2012-இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரத்தத்தைப் புதுப்பிக்க வல்ல அணு, மூளையையும் புதுப்பிக்காதா என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரத்த அணு தனித்து நீந்துவது. அது தோன்றினாலே போதும், தன் வேலையைச் செய்யும். நரம்பணுவோ ஆயிரக்கணக்கான பிற அணுக்களுடன் குறிப்பிட்ட முறையில் இணைக்கப்பட்டிருந்தால்தான் பயன்படும். அணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதனால் மட்டும் அவ்விணைப்பு உண்டாகிவிடாது.

மேலும், கைநரம்பின் வழியே செலுத்தப்படும் அணுக்களுள் பெரும்பாலானவை முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடுகின்றன. மூளையை அடைபவை மிகச் சிலவே. எனவே அவை புதிய நரம்பணுக்களாக மாறி மூளையைச் சீர்செய்கின்றன என்னும் கருத்தை ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் கைவிட்டனர். அவ்வணுக்கள் சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, எஞ்சிய அணுக்களுக்கு ஊட்டமளிக்கலாம் என்பதே இன்று பலர் கொண்டுள்ள கருத்து. எலிகளில் செய்த சோதனைகள் பல இதற்கு ஆதரவாக அமைந்தன. மனிதருக்கு அது பயன் தருமா என்பதை மனிதரில் செய்யும் சோதனையே தீர்மானிக்க வேண்டும்.

நம் நாட்டில் நடைபெற்ற சோதனை

இத்தகைய சோதனைகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில், நாட்டின் ஐந்து மருத்துவ நிலையங்கள் இதில் பங்கு கொண்டன. முடிவுகள் 2014-ஆம் ஆண்டில் வெளியாயின.

இரத்தக் குழாய் அடைப்பால் பக்கவாதம் கண்ட 120 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதை யொத்த முறையில் அவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுக்கப்பட்டு, அதிலிருந்து பிரித்த அணுக்கள் அவரவர் நரம்பின் வழியே திரும்பச் செலுத்தப்பட்டன. இவ்வாறு பெற்றவர் 58 பேர். ஒவ்வொருவருக்கும் சராசரி 28 கோடி அணுக்கள் செலுத்தப்பட்டன. நோய் கண்ட நாளிலிருந்து சிகிச்சை வரை கழிந்த காலத்தின் இடைநிலை அளவு 18.5 நாட்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது.

180-ஆம் நாளன்று நோயாளிகளைப் பரிசோதித்து மதிப்பெண் இட்டவர்களுக்கு, எவர் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பது தெரிவிக்கப்படவில்லை. உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், நடத்தல், படியேறுதல் முதலிய அன்றாடச் செயல்களைத் தாமே செய்யும் திறனுக்கு 100 வரை மதிப்பெண் அளிக்கும் 'பார்தெல்' அளவுகோல் கையாளப்பட்டது.

அணுக்களைப் பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 63.1. பெறாதவர்களின் சராசரி மதிப்பெண் 63.6. கணிசமான ஊனத்துடன் எஞ்சியவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 47.5 பேர், இரண்டாம் பிரிவில் 49.2 பேர். இச்சிறு வேறுபாடுகள் தற்செயலாக நேரக்கூடியவையேயன்றிச் சிகிச்சையின் விளைவுகளல்ல. மூளையில் சேதமுற்ற பகுதியின் பரிமாணத்திலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. சிகிச்சையால் தனிப்பட்ட தீங்கும் விளையவில்லை. சுருங்கக் கூறின், இச்சிகிச்சை இம்முறையில் அளிக்கப்பட்டபோது அபாயமற்றதாகவும் பயனற்றதாகவும் இருந்தது.

இம்முடிவு ஏமாற்றம் அளிப்பது. ஆயினும் அதனை ஒளிக்காமல் வெளியிட்டதே அச்சோதனையின் பெருமை. அம்முடிவு வெளிவந்திராவிடில், எத்தனையோ குடும்பங்கள் அதே சிகிச்சைக்காகத் தம் உடைமையை இழந்துகொண்டே இருக்கக்கூடும்.

பூமிக்கடியில் கற்ற பாடம்

சிகிச்சை பெறாத பிரிவு ஒன்று ஏன் வேண்டும் என்பதைப் பலர் எளிதில் உணர்வதில்லை. "என் அண்ணன் ஊசி போட்டுக்கொண்டார், மூன்று மாதத்தில் நடந்தார், இதற்குமேல் என்ன சான்று?" என்று கேட்பவர் உண்டு. அவர் கூறும் நிகழ்ச்சி மெய்யாகவே இருக்கலாம். ஆனால் ஊசி இல்லாவிடினும் அவர் அண்ணன் நடந்திருப்பாரா என்பதே வினா.

இதனை விளக்க, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்திலேயே நடந்த வேறொரு சோதனை பெரிதும் உதவும். 1965-ஆம் ஆண்டு பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, இச்சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவி, வாயுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைப் பதிவு செய்தனர். எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் ஆகியோர் இம்முயற்சியில் முன்னின்ற இந்திய விஞ்ஞானிகளாவர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய பதிவு கிடைத்தது.

நியூட்ரினோவைத் தேட அவ்வளவு ஆழம் செல்வானேன்? பூமியின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்திற்குச் சுமார் ஒன்று வீதம் விண்கதிர்த் துகள்கள் வந்து விழுகின்றன. அவ்விரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய அடையாளம் கேட்காது. மேலேயுள்ள பாறை, விண்கதிர்களைத் தடுத்து இரைச்சலை அடக்குகிறது. அதன்பின்னும் பக்கவாட்டுத் திசையில் வந்து கருவியில் பதிவாவது நியூட்ரினோவினால் நேர்ந்ததே என்று துணிந்து கூறலாம்.

பக்கவாத நோயாளியின் இயற்கையான தேற்றமும் இத்தகைய இரைச்சலேயாகும். குருத்தணுவால் விளைந்த நன்மை ஏதேனும் இருப்பின், அது இவ்விரைச்சலுக்கிடையே மறைந்திருக்கும். பாறை செய்த வேலையை இங்கு ஒப்பீட்டுப் பிரிவு செய்கிறது. இரு பிரிவிலும் இயற்கைத் தேற்றம் சமமாக நிகழ்வதால், அதனைக் கழித்துவிட்டு எஞ்சுவதைச் சிகிச்சையின் பயனாகக் கொள்ளலாம். மேற்கூறிய சோதனையில் எஞ்சியது ஒன்றுமில்லை. ஒப்பீடு இல்லாத புகழுரை, மேற்பரப்பில் கருவியை வைத்துக்கொண்டு நியூட்ரினோவைக் கண்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பிற நாடுகளின் முயற்சிகள்

ஒரு சோதனையுடன் முடிவு கட்டிவிடுதல் முறையன்று. அணுவின் வகை, செலுத்தும் நேரம், செலுத்தும் வழி ஆகியவை மாறினால் விளைவும் மாறக்கூடும். ஆதலால் பல நாடுகளில் ஆராய்ச்சி தொடர்ந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2010-ஆம் ஆண்டு முதல், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நரம்புக் குருத்தணுக்கள் சில நோயாளிகளின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தப்பட்டன. 11 பேரைக் கொண்ட அச்சோதனையின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. அபாயம் மிகுதியில்லை என்பதை அது காட்டியது. ஒப்பீட்டுப் பிரிவு இன்மையால், பயன் உண்டென்று அதனைக் கொண்டு கூற இயலாது.

பிறர் தானமளித்த மச்சையிலிருந்து வளர்த்த அணுக்களை நோய் கண்ட முதல் நாளை ஒட்டியே செலுத்திப் பார்த்த சோதனை ஜப்பானில் நடந்தது. 206 நோயாளிகளைக் கொண்ட இச்சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. 90-ஆம் நாளில் மிக நன்றாகத் தேறியவர்களின் தொகையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

பக்கவாதம் கண்ட சிசுக்களுக்கு மூக்கின் வழியே குருத்தணுத் துளிகளைச் செலுத்தும் முறை நெதர்லாந்தில் ஆராயப்பட்டது. 2022-இல் வெளியான முதற் சோதனையில் 10 குழந்தைகள் பங்கு கொண்டனர். இம்முறை செயற்படுத்தத் தக்கது, உடனடித் தீங்கில்லாதது என்பது மட்டுமே அதிலிருந்து பெறப்படும் செய்தி.

மூச்சுத் திணறிப் பிறந்த சிசுக்களைப் பற்றி மற்றொன்றும் அறியத்தக்கது. அவர்களின் உடலை மூன்று நாட்கள் குளிர்வித்து மூளையைக் காக்கும் முறை செல்வ நாடுகளில் நற்பயன் அளித்தது. அதையே இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். மரணமோ ஊனமோ எய்தியவர் தொகை அதனால் குறையவில்லை. அதற்கு மாறாக, குளிர்விக்கப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 42 பேரும், மற்றவருள் 31 பேரும் இறந்தனர். ஓரிடத்தில் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையையும்கூட மற்றோரிடத்தில் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் எனில், எங்குமே நிரூபிக்கப்படாத சிகிச்சையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

தீங்கு நேராதா?

பயனில்லாவிடினும் தீங்கில்லை, முயன்று பார்க்கலாமே என்று எண்ணுவது பிழை. முறையான சோதனையில் அணுக்கள் கடுமையான கண்காணிப்பின் கீழ்த் தயாரிக்கப்படுகின்றன. வணிக நோக்குடன் அளிக்கப்படும் இடங்களில் அத்தகைய உறுதி இல்லை. பக்கவாதம் கண்ட அமெரிக்கர் ஒருவர் பல நாடுகளுக்குச் சென்று தண்டுவட நீரில் குருத்தணுக்களைச் செலுத்திக்கொண்டார். பின்னர் அவர் தண்டுவடத்தில், பிறருடைய அணுக்களிலிருந்து வளர்ந்த கட்டி ஒன்று காணப்பட்டதென 2016-இல் மருத்துவ ஏடு ஒன்று தெரிவித்தது. வரம்பின்றிப் பெருகும் இயல்பே குருத்தணுவின் சிறப்பு. அதன் அபாயமும் அதுவே.

விதிமுறைகள் கூறுவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ஆம் ஆண்டில் குருத்தணு ஆராய்ச்சிக்கான தேசிய நெறிமுறைகளை வெளியிட்டன. அவற்றின்படி, இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு ஏற்கப்பட்ட மச்சை மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, மனிதரிடம் செய்யும் குருத்தணுப் பிரயோகம் யாவும் ஆராய்ச்சியாகவே கருதப்படும். உரிய அனுமதி பெற்ற சோதனையாக அன்றி அதனைச் சிகிச்சை என்று விற்பனை செய்தல் நெறி தவறிய செயலாகும்.

எனவே குடும்பத்தார் எவரேனும் இத்தகைய சிகிச்சையைப் பற்றிக் கேட்டால், கீழ்க்காணும் மூன்று கேள்விகளை அம்மருத்துவ நிலையத்தாரிடம் கேட்கும்படி அவர்களுக்கு அறிவுறுத்தலாம்.

முதலாவது, இது அனுமதி பெற்ற சோதனையா? ஆமெனில், மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் இதன் பதிவு எண் யாது?

இரண்டாவது, நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த சம்மதப் பத்திரம் நோயாளிக்குப் புரியும் மொழியில் உள்ளதா?

மூன்றாவது, பணம் கேட்கப்படுகிறதா? முறையான சோதனையில், சோதிக்கப்படும் பொருளுக்காக நோயாளியிடம் கட்டணம் பெறுதல் கூடாது. பணம் கேட்கப்பட்டால், அது ஒன்றே ஐயுறுவதற்குப் போதிய காரணமாகும்.

இன்று பயன் தருவன

இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினால் ஊனம் குறைகிறது என்பது நிரூபிக்கப்பட்டுள்ளது. பெரிய குழாய் அடைபட்டிருப்பின், மெல்லிய கம்பியின் துணையால் கட்டியையே வெளியே எடுக்கும் முறை 2015-ஆம் ஆண்டுச் சோதனைகளால் உறுதிப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இது உதவுவதாக 2018-இல் அறியப்பட்டது. எந்த முறையாயினும், முதலில் மூளையை 'ஸ்கேன்' செய்து பார்த்தல் வேண்டும். இரத்தக் கசிவால் வந்த பக்கவாதத்திற்குக் கட்டி கரைக்கும் மருந்தை அளித்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

சாம்பியன் ரீப்ஸிலிருந்து கோலார் நகரம் சுமார் 30 கிலோமீட்டரும், பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டரும் தொலைவில் உள்ளன. எனவே நாலரை மணி நேரம் என்பது மிகக் குறுகிய காலமே. அதில் ஒரு மணி நேரத்தை வீட்டுத் திண்ணையில் இழப்பது பெருந்தவறாகும். நிம்ஹான்ஸ் நிலையத்தின் துணையுடன் கர்நாடக அரசு 2022-இல் தொடங்கிய மூளை ஆரோக்கியத் திட்டம் கோலார் மாவட்டத்தைத் தன் முதற் களங்களுள் ஒன்றாகக் கொண்டது இங்குக் குறிப்பிடத்தக்கது.

களத்தில் பணிபுரிவோர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவை வருமாறு:

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் பக்கவாதம் எனக் கருதி உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

நோயாளி கடைசியாக நலமுடன் காணப்பட்ட மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.

நீரோ சோடாவோ மாத்திரையோ வாயில் புகட்டலாகாது. விழுங்கும் திறன் குன்றியிருப்பின் அது மூச்சுக்குழலில் புகும்.

விரல் நுனியைக் குத்தி இரத்தம் எடுப்பதாலும், எண்ணெய் தேய்ப்பதாலும் அடைப்பு நீங்காது. காலம்தான் வீணாகும்.

அறிகுறி சில நிமிடங்களில் மறைந்துவிட்டாலும் அலட்சியம் கூடாது. அது பின்னர் வரவிருக்கும் பெரிய தாக்குதலின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

நோய் கண்டு மாதங்கள் கழிந்தவர்களுக்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு. முறையான உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, படுக்கைப் புண் வராமற் காத்தல், மறுமுறை தாக்காதபடி மருந்துகளை இடைவிடாது உட்கொள்ளுதல் ஆகியவை பயன் தருவன. குருத்தணுவுக்கெனத் திரட்டும் பணத்தின் ஒரு சிறு பகுதியே பல மாதப் பயிற்சிக்குப் போதுமானதாகும். இரத்த அழுத்தத்தை 140-க்கு 90 என்னும் அளவுக்குக் கீழ் வைத்திருத்தல், உப்பைக் குறைத்தல், புகையிலையையும் மதுவையும் விலக்குதல், நீரிழிவை அடக்கி வைத்தல் ஆகியவற்றால் பக்கவாதங்களுட் பலவற்றை வருமுன்னரே தடுக்கலாம்.

நம்பிக்கை இழந்த குடும்பத்தாரிடம் "இச்சிகிச்சை வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருதல் ஊழியருக்கு அழகன்று. இன்று செய்யத்தக்கது இன்னதென்று காட்டிவிட்டு வருதலே தொண்டாகும். குருத்தணு ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெறுகிறது. ஒரு நாள் அது வெற்றி பெறவும் கூடும். அவ்வெற்றி ஒப்பீட்டுச் சோதனைகளின் வாயிலாகவே மெய்ப்பிக்கப்பட வேண்டுமன்றி, விளம்பரங்களால் மெய்ப்பிக்கப்படுவதன்று.

வகுப்பறைக்குரிய வினாக்கள்

1. மூளையின் கருநிழலுக்கும் புறநிழலுக்கும் உள்ள வேறுபாடு யாது? விரைந்த சிகிச்சை எதனைக் காக்கிறது?

2. மச்சை மாற்றுச் சிகிச்சை இரத்த நோய்க்குப் பயன்படுவதுபோல் மூளைச் சேதத்திற்கு எளிதில் பயன்படாமைக்குக் காரணம் என்ன?

3. ஒரு மருந்தை உட்கொண்ட 10 பேரில் 6 பேர் தேறினர். அம்மருந்து பயனுள்ளதா என்று தீர்மானிக்க மேலும் எவ்விவரம் வேண்டும்?

4. சாம்பியன் ரீப்ஸ் நியூட்ரினோச் சோதனையில் பாறை செய்த வேலையை, மருத்துவச் சோதனையில் எது செய்கிறது?

5. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பெரியோரிடம் பக்கவாதத்தின் மூன்று அறிகுறிகளையும், அழைக்க வேண்டிய எண்ணையும் கூறிவிட்டு, அவர்களின் இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வருக.